கண்ணாடி மாற்றிய பிறகு

ஆவுடையப்பன் சிஷ்யராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தேழு. குருவுக்கு முப்பத்து நான்கு.

இருபத்தெட்டு வருடம் தனியார் பேருந்து ஓட்டியவர். வலது கண்ணில் பார்வை மங்கியதும் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியவில்லை. சும்மா வீட்டில் உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், கோவில்பட்டி பைபாஸ் ஓரத்தில் இருந்த கார் கண்ணாடிப் பட்டறைக்கு வந்து, வேலை கற்றுக்கொடுப்பீர்களா என்று கேட்டார்.

பட்டறை பியூலாவுடையது. பெங்களூரில் ஒரு கண்ணாடிக் கம்பெனியில் ஒன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள். அவள் அவருடைய கைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நடுக்கம் இல்லை.

"ஒரு கண்ணு சரியாத் தெரியாதும்மா" என்றார் அவர்.

"விளிம்பை விரலாலதான் பாக்கணும். நாளைக்கு வாங்க அண்ணாச்சி" என்றாள்.

அன்றிலிருந்து அவர் அவளை வாத்தியாரம்மா என்று கூப்பிட்டார்.

ஆறு மாதத்தில் பழைய கண்ணாடியைக் கம்பியால் அறுத்து எடுக்கக் கற்றுக்கொண்டார். கண்ணாடி பதியும் சட்டத்தைச் சுரண்டித் துடைக்க, பசையை ஒரே தடிமனில் சுற்றிவர இழுக்க, கண்ணாடியைத் தூக்கி ஒரே மூச்சில் உட்காரவைக்க வந்தது. ஒன்று மட்டும் வரவில்லை. வேலை முடிந்தபின் வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதை அவர்கள் காதில் ஏறும்படி சொல்ல வரவில்லை.

அவர் ஒன்றையும் விடாமல் சொல்லுவார். நாலு மணி நேரம் வண்டியை எடுக்கக் கூடாது. ஒரு பக்கக் கண்ணாடியை ஒரு இஞ்ச் இறக்கியே வைக்கணும். கதவை அடித்துச் சாத்தக் கூடாது. டேப்பை நாளைக்குத்தான் எடுக்கணும். ரெண்டு நாளைக்கு வண்டியைக் கழுவக் கூடாது. பசை வாசம் கொஞ்ச நாள் இருக்கும். வந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டுவார்கள். பட்டறை வாசலிலேயே கதவை அடித்துச் சாத்துவார்கள்.

ஒருநாள் காலையில் அவர் கேட்டார்.

"நான் சொன்னா யாரும் கேக்க மாட்டேங்காங்க. நீங்க சொன்னா கேக்காங்க. அது எப்படி வாத்தியாரம்மா?"

"நான் சொல்லுறதும் அதேதான் அண்ணாச்சி."

"பிறகு ஏன்?"

"வண்டி ஒண்ணு வருது. கையைத் துடைச்சுக்கிடுங்க" என்றாள் பியூலா.

வந்தது சாம்பல் நிறக் கார். ஓட்டி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். பின் இருக்கையிலிருந்து ஒரு இளைஞன் இறங்கினான். முன்னால் இடது பக்க இருக்கை காலியாக இருந்தது. அதற்கு நேர் எதிரே முன் கண்ணாடி உடைந்து, கீழ் விளிம்புவரை விரிசல் ஓடியிருந்தது.

"லாரிக்குப் பின்னால வந்தேன். கல்லு தெறிச்சிருச்சு" என்றார் பெரியவர். பெயர் கோமதிநாயகம். கழுகுமலைப் பக்கம் உரக்கடை வைத்திருப்பதாகச் சொன்னார். உடன் வந்தவனைப் பற்றிச் சொல்லவில்லை. மூக்கும் நெற்றியும் ஒரே அச்சு.

பியூலா உடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்தாள். நடுவில் கண்ணாடி வெளிப்பக்கம் புடைத்திருந்தது. ஆவுடையப்பனும் அதைப் பார்த்தார். வெளியிலிருந்து கல் பட்டால் குழி உள்பக்கம் இறங்கும். இது உள்ளேயிருந்து விழுந்த அடி. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கம்பியை எடுங்க அண்ணாச்சி" என்றாள் பியூலா.

கோமதிநாயகம் அருகே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மாத்தினது தெரியக் கூடாதும்மா. பழையது மாதிரியே இருக்கணும்."

"டேப் ஒட்டுவோம் ஐயா. நாளைக்கு வரைக்கும் இருக்கும்."

"டேப் வேண்டாம்."

"டேப் இல்லாம நான் மாத்தித் தாரதில்லை. மாட்டி முடிக்கப் பதினோரு மணி ஆகும். மூணு மணிக்குத்தான் வண்டியை எடுக்கலாம்."

"ரெண்டு இருபது ரயில்ல என் வீட்டுக்காரி வாரா. தஞ்சாவூர்ல அவ அக்கா தவறிட்டாங்க. பதினாறு முடிஞ்சு வாரா. இந்த வண்டியிலதான் போய்க் கூப்பிடணும்."

"ஆட்டோல போய்க் கூட்டிட்டு வாங்க."

"ஆட்டோல போனா ஏன்னு கேப்பா" என்றார் அவர். பிறகு, "சரி, அதெல்லாம் பாத்துக்கிடலாம். நீங்க ஆரம்பிங்க" என்றார்.

அவர்கள் ஆரம்பித்தார்கள்.

இளைஞன் காற்றடிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றான். அவனுடைய வலது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. ஆவுடையப்பன் தண்ணீர் எடுக்கப் போனபோது அவனாகவே பேசினான். பெயர் நவநீதன். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஆறு மாதம் வேலை பார்த்துவிட்டு விட்டுவந்திருந்தான்.

"காலையில வண்டிக்குள்ள ஒரு வார்த்தை சொன்னாரு. நான் பதில் சொன்னேன். கையை ஓங்கினாரு. என் கையில ஸ்டீல் பாட்டில் இருந்துச்சு" என்றான்.

ஆவுடையப்பன் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா ஊருக்குப் போகும்போது சொல்லிட்டுத்தான் போச்சு. இன்னொரு தடவை நீங்க ரெண்டு பேரும் கைநீட்டினதாக் கேள்விப்பட்டா, நான் அக்கா வீட்டுலேயே இருந்துக்கிடுவேன், அங்க பிள்ளைகளுக்கும் ஆள் வேணும்னு. அம்மா சும்மா சொல்லுற ஆள் இல்லை."

பதினோரு மணிக்குப் புதிய கண்ணாடி உட்கார்ந்தது. மேல் விளிம்பில் ஐந்து இடத்தில் டேப் ஒட்டினார்கள். ஆவுடையப்பன் தன்னுடைய பட்டியலைச் சொன்னார். கோமதிநாயகம் சாலையைப் பார்த்துக்கொண்டே, "சரி, சரி" என்றார்.

பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியது. கோமதிநாயகம் காருக்குள் போய் உட்கார்ந்தார். சாலைப் புழுதி வருகிறதென்று, இறக்கி வைத்திருந்த ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பையை எடுக்க நவநீதன் பின்கதவைத் திறந்தான். அப்பா ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பட்டறைக்குள் கேட்கவில்லை. மகன் கதவை அடித்துச் சாத்தினான். அப்பா இறங்கி, தன் பக்கத்துக் கதவை அதைவிட ஓங்கிச் சாத்தினார்.

உள்ளே அடைபட்ட காற்று தள்ளி, மேல் விளிம்பில் ஒரு டேப் விட்டுக்கொண்டது.

பியூலா வந்து விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். வலது மூலையில் நகம் உள்ளே போனது.

"கழட்டணும்" என்றாள்.

"அமுக்கி விட்டா ஒட்டாதா?" என்றார் கோமதிநாயகம்.

"மறுபடி மாட்டி முடிக்க ஒரு மணி ஆகும். அதுக்குப் பிறகு நாலு மணி நேரம்."

அவர் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

ஆவுடையப்பன் அவளைப் பட்டறைக்குள் கூப்பிட்டார். "வாத்தியாரம்மா, பசை இன்னும் இளக்கமாத்தான் இருக்கு. மூலையில கொஞ்சம் வச்சு அமுக்கி, டேப்பை இழுத்து ஒட்டிரலாம். பாத்தா யாருக்கும் தெரியாது. ரெண்டு மணிக்குக் கிளம்பிருவாங்க. பாவம், ஒரு குடும்பம்."

பியூலா அவரைக் காரிடம் கூட்டிவந்தாள். காரின் முன்கதவைத் திறந்து, அவரை இடது பக்க இருக்கையில் உட்காரச் சொன்னாள். அவருடைய கையைப் பிடித்து எதிரே இருந்த பலகையின்மேல் வைத்தாள். அங்கே ஒரு மூடியின் விளிம்பு தட்டுப்பட்டது.

"இதுக்குள்ள என்ன இருக்கு அண்ணாச்சி?"

"காத்துப் பை."

"வண்டி எதுலயாவது மோதினா இது வெடிச்சு வரும். முதல்ல கண்ணாடியில மோதும். கண்ணாடி தாங்கினாத்தான் ஆள் பக்கம் திரும்பும். தாங்கலைன்னா கண்ணாடியைத் தள்ளிக்கிட்டு வெளியே போயிரும். ஸ்டேஷன்ல இருந்து வரும்போது இந்த சீட்டுல யாரு உக்காருவா?"

ஆவுடையப்பன் இருக்கையிலிருந்து இறங்கினார். போய்க் கம்பியை எடுத்துவந்தார்.

ஒரு மணிக்கு வேலை முடிந்தது. ஐந்து மணி வரை வண்டியை நகர்த்தக் கூடாது.

ஒன்றேமுக்காலுக்குக் கோமதிநாயகத்தின் போன் அடித்தது. பேசியது அவர் மனைவி செண்பகவல்லி. "சாத்தூர் நெருங்கிட்டுங்க. வந்துட்டீங்களா?" என்ற குரல் வெளியே கேட்டது. "வந்துருவோம், வந்துருவோம்" என்று சொல்லிப் போனை வைத்தார். பிறகு ஆவுடையப்பனிடம் வந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை பேசுங்க. டயர் பஞ்சர், வண்டி பட்டறையில நிக்கு, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போயிருங்கன்னு சொல்லுங்க. நான் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சிருவா. வெளியாள் சொன்னா நம்புவா."

நம்பரைப் போட்டு, போனை அவர் கையில் திணித்துவிட்டார். மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் பியூலாவைப் பார்த்தார். அவள் சட்டத்தில் வழிந்த பசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா, என்ன சொல்லட்டும்?"

"கண்ணாடி மாத்தினவங்ககிட்ட தினமும் என்ன சொல்லுதீங்களோ, அதை."

"யாரு?" என்றது போன்.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, நான் கண்ணாடிப் பட்டறையில இருந்து பேசுதேன். உங்க காருக்கு முன் கண்ணாடி மாத்தியிருக்கு. அஞ்சு மணி வரைக்கும் வண்டியை எடுக்க முடியாது."

"சரிங்க."

"மேல டேப் ஒட்டியிருக்கும். அசிங்கமாத்தான் இருக்கும். நாளைக்கு வரைக்கும் எடுக்க வேண்டாம். பசை வாசம் அடிக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு பக்கம் ஜன்னல் கொஞ்சம் திறந்தே இருக்கட்டும். கதவை மட்டும் அடிச்சுச் சாத்த வேண்டாம்மா. அடிச்சா, ஒட்டினது விட்டுக்கிடும். இன்னைக்கு ஒரு தடவை விட்டிருச்சு."

"ஏன் மாத்தினாங்க?"

அவர் எதிரே நின்ற இருவரையும் பார்த்தார். "அதை அவங்கதாம்மா சொல்லணும்" என்று போனை நீட்டினார்.

யாரும் வாங்கவில்லை. போன் அவர் கையில் நீட்டியபடியே இருந்தது. பிறகு நவநீதன் வாங்கினான்.

"அம்மா, நான்தான் உடைச்சேன். காலையில. பாட்டிலால கண்ணாடியில அடிச்சேன்."

கோமதிநாயகம் வந்து மகன் கையிலிருந்து போனை எடுத்தார். "நான்தான் முதல்ல கையை ஓங்கினேன் செண்பகம்" என்றார். போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"வச்சுட்டா" என்றார்.

இரண்டு இருபது ஆனது. மூன்று ஆனது. ஸ்டேஷனிலிருந்து பட்டறைக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். பட்டறை இருக்கும் இடத்தை நவநீதன் அம்மாவின் போனுக்கு அனுப்பியிருந்தான். அவள் அதைப் பார்த்ததற்கு அடையாளம் இருந்தது. பதில் இல்லை. போய்ப் பார்க்கட்டுமா என்று மகன் எழுந்தான். "வேண்டாம்ல. அவளா வரணும்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் மகனிடம் கோபமில்லாமல் பேசிய முதல் பேச்சு அது.

ஆவுடையப்பன் வாங்கிவந்த எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் பிரிக்காமல் கிடந்தன. பெஞ்சின் இந்த முனையில் அப்பா, அந்த முனையில் மகன்.

"கையில என்ன?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்ல."

"ரத்தமா?"

"காஞ்சிட்டு."

பியூலா உள்ளேயிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துவந்து பெஞ்சின் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்பாதான் மூடியைத் திறந்தார்.

ஆவுடையப்பனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பியூலாவிடம் போனார்.

"பஞ்சர்னே சொல்லியிருக்கலாமோ வாத்தியாரம்மா? அந்த அம்மா இந்நேரம் வந்திருக்கும். நான்தான் கெடுத்துட்டேன் போல."

"வந்ததும் எந்த டயரைக் காட்டியிருப்பீங்க?" என்றாள் பியூலா.

அவர் திரும்பிப் போய்க் காரின் நிழலில் நின்றார்.

நாலு மணி தாண்டி ஒரு ஆட்டோ வந்து நின்றது. துணிப்பையும் வயர்கூடையுமாக ஒரு அம்மாள் இறங்கினாள். அப்பாவும் மகனும் எழுந்தார்கள். யாரும் முன்னால் போகவில்லை. செண்பகவல்லி நேராகக் காரிடம் வந்தாள். புதிய கண்ணாடியைப் பார்த்தாள். டேப்களைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"திரும்பிப் போக டிக்கெட் எடுத்தேன்" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "ரயிலும் வந்துச்சு. ஏறல."

கோமதிநாயகம் ஏதோ சொல்ல வந்தார்.

"இப்ப ஒண்ணும் பேசாதீங்க" என்றாள். பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினாள். "போன்ல பேசினது நீங்களா? ரயில் சத்தத்துல பாதி விளங்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

ஆவுடையப்பன் சொன்னார். ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். மூன்று பேரும் கேட்டார்கள். கோமதிநாயகத்தின் போன் ஒருமுறை அடித்தது. அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"வாசம் எத்தனை நாளைக்கு?" என்றாள் செண்பகவல்லி.

"ஒரு வாரம் போல இருக்கும்மா. வெயில்ல நின்னா கொஞ்சம் கூடுதலாத் தெரியும்."

"மழை பெஞ்சா?"

"மழைக்கு ஒண்ணும் ஆகாது. தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவக் கூடாது. அவ்வளவுதான்."

"ஒழுகினா?"

"ஒழுகினா மறைக்க வேண்டாம். வண்டியைக் கொண்டு வாங்க, பாத்துக்கிடலாம்."

செண்பகவல்லி தலையசைத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதப் பொட்டலத்தைப் பிரித்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "நீங்க சாப்பிடலையா?" என்று பொதுவாகக் கேட்டாள். மற்ற இரண்டு பொட்டலங்களும் திறந்தன.

ஐந்து மணிக்கு அவள் காரில் ஏறி, முன்னால் இடது பக்கம் உட்கார்ந்தாள். கதவை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகச் சாத்தினாள். மெதுவாகச் சாத்தியதில் கதவு பொருந்தவில்லை. திறந்து மறுபடியும் சாத்தினாள். ஓட்டும் பக்கத்துக் கதவருகே அப்பாவும் மகனும் நின்றார்கள். ஒருவர் ஏறட்டும் என்று மற்றவர் நின்றார்.

"யாராவது ஒருத்தர் ஏறுங்க" என்றாள் உள்ளேயிருந்து.

நவநீதன் பின்னால் ஏறிக்கொண்டான். கார் பைபாஸில் மெதுவாகப் போனது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தும் வேகம் எடுக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து நவநீதன் காரைத் தனியாக எடுத்துக்கொண்டு வந்தான்.

"விசில் மாதிரி ஒரு சத்தம் வருது. அம்மாவுக்குத்தான் முதல்ல கேட்டுச்சு. அப்பா, அப்படி ஒண்ணும் இல்லைங்காரு" என்றான்.

பியூலா குழாயைத் திறந்து கண்ணாடியின் விளிம்பெங்கும் தண்ணீர் விட்டாள். ஆவுடையப்பன் உள்ளே உட்கார்ந்து ஓரமெல்லாம் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. இடைவெளி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருந்தது. பிறகு மூவரும் பைபாஸில் ஒரு சுற்று போனார்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சத்தமில்லை. எழுபதில் இல்லை. எண்பதைத் தொட்டபோது கண்ணாடியின் இடது ஓரத்துத் தூண் பக்கம் மெல்லிசாக ஒரு விசில் கேட்டது. வேகம் குறைந்ததும் நின்றுவிட்டது.

"ஓரத்து ரப்பர் புதுசு. பழையது மாதிரி இன்னும் படியல" என்றாள் பியூலா. "கண்ணாடியில குறை இல்லை."

"வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?" என்று ஆவுடையப்பன் கேட்டார்.

"கடைக்குப் போறேன். காலையில அவரு, மத்தியானம் நானு. ஒரே நேரத்துல இருக்கிறதில்லை. ராத்திரி சேர்ந்து சாப்பிடுதோம். போன வாரம் ஒரு நாள் பேச்சு கொஞ்சம் ஏறிருச்சு. அம்மா எந்திரிச்சுப் பையை எடுத்துச்சு. ரெண்டு பேரும் நிறுத்திட்டோம்."

அவன் பட்டறை வாசலில் அவர்களை இறக்கிவிட்டுக் கிளம்பினான். கார் கண்ணிலிருந்து மறையும்வரை ஆவுடையப்பன் சாலை ஓரத்தில் நின்றார். பிறகு உள்ளே வந்தார். பியூலா அடுத்த வண்டியின் சட்டத்தைச் சுரண்டத் தொடங்கியிருந்தாள்.

"வாத்தியாரம்மா, அந்தச் சத்தம் போயிருமா?"

"போகலாம்" என்றாள் பியூலா. "போகலைன்னா, எண்பதுல போனா வரும்னு அந்த வீட்டுல மூணு பேருக்கும் தெரியும்."